நின்றுபோன லிஃப்டுக்கு நான் எழுதிய விளக்கம்

தர்ஷினி,

போன வெள்ளிக்கிழமை பூச்சோங் டோல் சாவடிக்கு முன்னால் கார் நகராமல் நின்றபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, டப்ளின் வேலைக்கு மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். உங்க உடம்பு உண்மையில எப்படி இருக்கு?" நான் வழக்கம்போல, "ஓகேலா, எனக்கென்ன" என்றேன். நீ ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஓகேவ நம்பி நான் ஒரு தடவ ஏமாந்துட்டேன்பா" என்றாய். வீடு வந்து சேரும்வரை ரேடியோவில் ஒருவர் மூட்டுவலித் தைலத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டு வந்தார். உன் கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் சொல்லப்போகிறேன். ஆனால் என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, நேர்வழி எனக்கு வராது. முதலில் லிஃப்டைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

பதினைந்து வயதில் எழுதிய எஸ்.ஆர்.பி. பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. கணக்கில் எனக்கு வந்த மார்க்கை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் கம்பிவடத்துக்கு எண்ணெய் தடவும் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்து, என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் சர்வீஸ் சூப்பர்வைசர் ஆனேன். என் ரிப்போர்ட்டுகளை நீ சின்ன வயதில் எடுத்து வாசித்துச் சிரிப்பாய். "லிஃப்ட் ஓகே. ரெசிடண்ட் ஹேப்பி." எந்த லிஃப்ட் எப்படி நின்றாலும் ரிப்போர்ட் அதுதான். அப்படிப்பட்ட ஆளிடம் வந்து, "அப்பா, உங்க கம்பெனிக்கு எங்க ஆபீஸ்ல ஒரு ஏஜெண்ட் செய்யறோம், நீங்கதான் எனக்கு எழுதித் தரணும்" என்று நீ சொன்னபோது, எனக்கு நம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் விற்க வந்து மூன்று தடவை சாப்பிட்டுவிட்டுப் போன ஏஜெண்டுதான் ஞாபகத்துக்கு வந்தார். நீ பொறுமையாக விளக்கினாய். நாங்கள் பார்த்துக்கொள்ளும் பிளாட்டுகளில் எந்த பிளாக்கில் எந்த லிஃப்ட் ஓடுகிறது, எது நிற்கிறது என்று குடியிருப்பவர்கள் கைப்பேசியில் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. ஓடினால் பச்சை, பழுதானால் சிவப்பு, திட்டமிட்ட பராமரிப்பு என்றால் நீலம். அதுவரை அந்தப் பக்கத்தை நான்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். இனி டெக்னீஷியன்கள் அனுப்பும் செய்திகளைப் படித்து ஏஜெண்ட் என்கிற அந்த கம்ப்யூட்டர் புரோகிராமே மாற்றும். அதற்கு நான்கு கருவிகள். பழுது என்று அறிவிக்க ஒன்று, பராமரிப்பு என்று அறிவிக்க ஒன்று, இடையில் நிலவரம் சொல்ல ஒன்று, எல்லாம் முடிந்தது என்று மூட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்யும்.

நம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "அப்பா, அதுக்கு உங்க முகம் தெரியாது. உங்க முப்பது வருஷம் தெரியாது. இன்னைக்கு வேலைக்கு வந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. இந்தக் கருவி என்ன செய்யும், எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக்கூடாது, எடுத்தா அடுத்து என்ன நடக்கும். எழுதாதது எதுவும் அதுக்குத் தெரியாது." நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, பழுதுக் கருவிக்கு "ரொம்ப மோசமானால் மட்டும்" என்று எழுதினேன். பராமரிப்புக் கருவிக்கு, "லிஃப்ட் நின்றிருந்து, நம் ஆள் அங்கே போய்விட்டாலோ போய்க்கொண்டிருந்தாலோ இதைப் போடவும். குடியிருப்பவர்கள் பதற மாட்டார்கள்" என்று எழுதினேன். எப்போது சரியாகும் என்ற கட்டத்துக்கு, "நேரம் தெரியாவிட்டால் மாலை ஐந்து மணி என்று போடவும்" என்று எழுதினேன்.

நீ வாசித்துவிட்டு, "ரொம்ப மோசம்னா எவ்வளவு மோசம்பா?" என்று கேட்டாய்.

"அது பார்த்தா தெரியும்லா."

"பார்க்க அதுக்குக் கண்ணு இல்லப்பா."

"அனுபவம் வந்தா தானா தெரிஞ்சுக்கும்மா. நான் தெரிஞ்சுக்கலையா?"

நீ சிரித்தாய். அந்த வாரம் உனக்குக் காய்ச்சல், மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. பழைய செய்திகளும், அவற்றுக்கு நான் என்ன போட்டேன் என்ற பதிவும் வேண்டும், அவற்றை வைத்துச் சோதிக்கலாம் என்றாய். என் பதிவுகளையே எடுத்துக் கொடுத்தேன். ஏஜெண்ட் எல்லாவற்றிலும் சரியாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? கேள்வியும் என்னுடையது, விடையும் என்னுடையது. நான் பரீட்சை எழுதிய காலத்தில் இப்படி ஒரு வசதி கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

உனக்கு அன்று நான் சொல்லாதது ஒன்று உண்டு. லிஃப்ட் பழுதாகி நின்றால் அதைப் பராமரிப்பு என்று போடுவது எங்கள் தொழிலில் கதவில் பலகை மாட்டிய காலத்திலிருந்தே இருக்கிற பழக்கம். பழுது என்று எழுதினால் நிர்வாகத்திலிருந்து போன் வரும், யாருடைய தவறு என்று கேட்பார்கள். பராமரிப்பு என்று எழுதினால் ஏதோ நாங்களே அக்கறையாக நிறுத்திவைத்த மாதிரி இருக்கும், சில பேர் நன்றிகூடச் சொல்வார்கள். மஞ்சள் பலகையைக் கதவில் மாட்டிவிட்டு மேலே போய் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். ஐந்து மணியும் அப்படித்தான். ஒரு நேரம் எழுதியிருந்தால் ஜனங்கள் அமைதியாகிவிடுவார்கள். ஐந்து மணி ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தப் பதினேழு மாடி பிளாட்டில், பதினோராம் மாடி சரஸ்வதி அக்காவை உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு என்னோடு வந்த நாட்களில் உன்னைக் கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுப்பாரே, அவர்தான். என்னைக் கண்டாலே, "ஏன் தம்பி, உன் லிஃப்டுக்கு என்னைவிட மூட்டுவலி போல" என்பார். இப்போது அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேனில் போக வேண்டும். அவரைப் போலப் படி இறங்க முடியாதவர்களுக்காகவே அந்தப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். பழுது என்று சிவப்பு விழுந்தால் அவர்களுக்கும் வேன்காரருக்கும் எங்களுக்கும் செய்தி போகும், இரண்டு பேர் தூக்கு நாற்காலியோடு போவார்கள். பராமரிப்பு என்று நீலம் விழுந்தால் யாருக்கும் போகாது. முன்கூட்டியே சொல்லிவைத்த வேலைதானே, அதனால்.

ஏஜெண்ட் வேலையை ஆரம்பித்தபின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு லிஃப்டும் நின்றன. டெக்னீஷியன், "ரெண்டு லிஃப்டும் ரோசாக், ஓடல, பார்ட்ஸ் இல்ல, நான் இங்கதான் இருக்கேன்" என்று செய்தி அனுப்பினான். ஏஜெண்ட் என் நாலு வரியைப் படித்தது. நம் ஆள் அங்கே இருக்கிறான். ஆக, பராமரிப்பு. நேரம் தெரியாது. ஆக, ஐந்து மணி. நான் எழுதியதை அவ்வளவு விசுவாசமாக என் வாழ்க்கையில் எவரும் கேட்டதில்லை. நான் பக்கத்தை எட்டிப் பார்த்தேன், நீலமாக இருந்தது, என் கைப்பழக்கம் போலவே இருந்ததால் எனக்கு உறுத்தவே இல்லை. அக்கா உடுத்தித் தயாராகி, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேன்காரர் கீழே கொஞ்ச நேரம் காத்துவிட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஐந்து மணிக்கும் லிஃப்ட் ஓடவில்லை. மறுநாள் காலையில் மூச்சு முட்டி, தீயணைப்பு ஆட்கள் வந்து படி வழியாக இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிழைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. "நானே யாருக்காவது போன் போட்டிருக்கலாம் தம்பி. பராமரிப்புன்னு போட்டிருந்துச்சு, அஞ்சு மணின்னு போட்டிருந்துச்சு. சரி, முடிஞ்சிரும்னு காத்துட்டு இருந்தேன்" என்றார். தன் மேல்தான் தவறு என்பது போலச் சொன்னார். நான் வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் அடுக்கி, பிறகு கலைத்து, மறுபடி அடுக்கினேன்.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வியாழக்கிழமை எங்கள் ஆபீசில் கூட்டம். உன் பாஸ், நீ, எங்கள் மேனேஜர், நான். மேனேஜர் திரையில் அந்த வரிகளைப் போட்டுக் காட்டி, "யார் எழுதினது இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ஒரு கண நேரம்தான். நான் தே தாரிக் டீயில் இல்லாத சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். "இந்த வேலைக்கு நான்தான் பொறுப்பு, சரியா சோதிக்காம விட்டுட்டேன், திருத்திடறேன்" என்றாய் நீ. உன் பாஸ் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். நீ பிறந்தபோது தோளில் போட்டுக்கொண்டு கிள்ளான் தெருவெல்லாம் காட்டி நடந்தவன், அந்தக் குளிர்ந்த அறையில் உனக்கு முன்னால் தலையைக் குனிந்து கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்றும் நடக்காதது போல லேப்டாப்போடு வந்தாய். "வாங்கப்பா, திரும்ப எழுதுவோம்."

"நான்தான் எழுதினேன்னு நீ ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சோறு ஆறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாய்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ ஆங்கிலத்தில் தட்டினாய். பழுதுக் கருவிக்கு: லிஃப்ட் எதிர்பாராமல் நின்றால் இதுதான், நம் ஆள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான், இதை எடுத்தால் படி இறங்க முடியாதவர்களுக்கும் வேனுக்கும் உடனே செய்தி போகும். பராமரிப்புக் கருவிக்கு: மூன்று நாள் முன்பே குடியிருப்பவர்களுக்குச் சொல்லிவைத்த வேலைக்கு மட்டும், ஏற்கனவே நின்றுவிட்ட லிஃப்டுக்கு எடுக்கக் கூடாது, இதில் யாருக்கும் செய்தி போகாது, எதை எடுப்பது என்று சந்தேகம் வந்தால் நீயே முடிவு செய்யாதே, சூப்பர்வைசரைக் கேள். மூடுகிற கருவிக்கு, ஆள் ஏறி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது என்று டெக்னீஷியனே எழுதியிருந்தால் மட்டும். இந்தத் தடவை சோதிக்க என் பதிவுகளைத் தொடாமல், அந்த பிளாட்டுக்காரர்கள் அனுப்பிய புகார்களை எடுத்தாய். இதைக் குறித்து வைத்துக்கொள், டப்ளின் போனாலும் உதவும். ஒருவன் எழுதியதை அவன் கொடுத்த உதாரணங்களை வைத்துச் சோதிக்காதே, அவன் அப்பனாக இருந்தாலும்.

நேரக் கட்டத்துக்கு வந்தபோது, "ஏம்பா ஐந்து மணி? நாலு இல்ல, ஆறு இல்ல?" என்று கேட்டாய். "ஏதோ ஒரு நேரம் சொன்னா நிம்மதியா இருப்பாங்கன்னு" என்றேன். உன் விரல்கள் நின்றன. திரையைப் பார்த்துக்கொண்டே, "புதன்கிழமை மாதிரியா?" என்றாய். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீயே எழுதி முடித்திருந்தாய். டெக்னீஷியன் நேரம் சொல்லியிருந்தால் மட்டும் எழுது. சொல்லாவிட்டால் தெரியாது என்று எழுது, அடுத்த செய்தி எப்போது வரும் என்பதை எழுது.

மறுநாள் மேனேஜரிடம் போய் எழுதியது நான்தான் என்று சொன்னேன். "விடுங்க அங்கிள், சிஸ்டம் திருத்தியாச்சு" என்றார். விடாமல், உன் ஆபீசுக்கு ஒரு கடிதம் மலாயில் எழுதிக் கொடுத்து அனுப்பச் சொன்னேன். அது போய்ச் சேர்வதற்குள் உன்னை வேறு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். டப்ளினுக்கு நீ விண்ணப்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கப் பயந்து, இதுவரை கேட்கவில்லை.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். மூன்று வருஷம் முன்பு, நீ பினாங்கில் முதல் வேலையில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை அம்மாவைக் கிள்ளானில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்று சாயங்காலம் உனக்கு போன் செய்து, "சும்மா செக்கப்தான்மா, புதன்கிழமை வீட்டுக்கு வந்துருவா" என்றேன். எந்த டாக்டரும் புதன்கிழமை என்று சொல்லவில்லை. நானாகப் போட்ட நாள் அது. நுரையீரலில் நீர் ஏறியிருக்கிறது, இதயம் பலவீனமாக இருக்கிறது, பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். நீ வேலையில் நிரந்தரமாகும் நேரம், உன்னைப் பதற வைக்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், உன் அழுகையைப் போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதுவரை உனக்குத் தெரிந்த கதை.

உனக்குத் தெரியாதது இது. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மா கேட்டாள், "ஏங்க, பிள்ளைக்குச் சொன்னீங்களா?" நான், "சொல்லிட்டேன், கிளம்பி வந்துட்டு இருக்கா" என்றேன். அவள் நிம்மதியாகட்டும் என்று சொன்னேன். அவள் அதை நம்பினாள். செவ்வாய்க்கிழமை காலையில் சீப்பு கேட்டாள். "இப்படித் தலைவிரிகோலமா பார்த்தா பிள்ள பயந்துரும்" என்று சொல்லி, கையைத் தூக்க முடியாமல், என்னை வாரிவிடச் சொன்னாள். எனக்குப் பின்னத் தெரியாது, ரப்பரைப் போட்டுக் கட்டிவிட்டேன். அன்று முழுக்க, கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடவை நர்ஸ். ஒரு தடவை தரை துடைக்கிற அம்மா. ஒரு தடவை தவறான அறைக்கு வந்துவிட்ட யாரோ. சாயங்காலம், "ரோட்டுல ஜாம் போல" என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். புதன்கிழமை காலையில் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வைத்தார்கள். அதன்பிறகுதான் உனக்கு உண்மையைச் சொன்னேன். நீ வந்து கையைப் பிடித்தபோது அவளுக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

காரியத்தன்று நீ உன் சித்தியிடம், "நான் செவ்வாய்க்கிழமையே கிளம்பியிருக்கணும் சித்தி, எனக்கே ஏதோ மாதிரி இருந்துச்சு, கிளம்பல" என்று அழுதாய். நான் இரண்டடி தள்ளி நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ தாமதமாக வரவில்லை, உனக்கு நான் தாமதமாகச் சொன்னேன் என்று. அம்மா உன்னை எதிர்பார்த்துக் காத்திருந்தாள் என்பதை நீ தெரிந்துகொண்டால் என்னை மன்னிக்க மாட்டாய் என்று பயந்து, மூன்று வருஷம் உன் மேலேயே அந்தப் பாரத்தை விட்டுவைத்தேன். சரஸ்வதி அக்கா உடுத்திக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்ததைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தச் சீப்புதான் கண்ணில் நிற்கிறது. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உனக்குச் சேர வேண்டிய செய்தி, சேர்க்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிளாட்டின் மெஷின் ரூமில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பார், இங்கேயும் பூசி மெழுகுகிறேன். உட்காரவில்லை, விழுந்தேன். கூட இருந்தவனிடம் யாரிடமும் சொல்லாதே என்றேன். பிறகு இரண்டு தடவை டாக்டரைப் பார்த்தேன். பத்துமலைக் கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்ன இரண்டு நாளும் அங்கேதான் போனேன். விபூதி எங்கே என்று நீ கேட்டபோது சாமி மேடையில் இருந்ததையே காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். முருகன் என்னை மன்னிப்பான், பழகியவன். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கலாம் என்கிறார் டாக்டர். எத்தனை, எவ்வளவு என்பது தெரியாது. அதைப் பார்க்கும் சோதனை அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு ஆபரேஷனா மருந்தா என்பதும் இப்போது தெரியாது. படி ஏறினால் இரண்டாவது மாடியில் நெஞ்சு இறுகுகிறது. வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், நேற்றிலிருந்து ஓட்டவில்லை.

சோதனை வருவதற்கு முன் டப்ளின்காரர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்க்கலாம், கொடுக்காமலும் போகலாம். போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். இத்தனை நாள் நீ எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லாம் உனக்குத் தெரியாமல் நானே எடுத்துவந்தேன், போதும்.

இன்று காலை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதில் உன் பெயரும் நம்பரும் இருக்கின்றன. இனி என்னைக் கேட்காமலே நீ டாக்டரிடம் நேராகப் பேசலாம். அவர் சொல்வதும் நான் சொல்வதும் வேறாக இருந்தால், அவரை நம்பு.

அப்பா